பிரியதர்ஷினி கோடிட்ட வரிகள்

நாவல் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அதைப் படித்து முடிப்பதில்லை. எங்கேயோ ஓரிடத்தில் சலிப்புத் தட்டுகிறது, மூடிவிடுகிறார்கள். அந்த இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அமைதியான வேலை, மேடம். ஏசி அறை, ஒரு கணினி, மதியம் கேன்டீனில் ராஜ்மா சாவல்.

என் பெயர் கதிரவன். விருதுநகர்க்காரன். டில்லிக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. மயூர் விஹாரில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். ஓக்லாவில் இருக்கும் எங்கள் கம்பெனி, புத்தகம் படிக்கிற சின்னக் கருவி ஒன்றை விற்கிறது. ரீடர் என்பார்கள். அதில் படிப்பதற்கான புத்தகங்களையும் நாங்களே விற்கிறோம். தமிழ்ப் புத்தகங்கள் என் பொறுப்பு. இதையெல்லாம் உங்கள் இன்ஸ்பெக்டர் ஹிந்தியில் எழுதிக்கொண்டார். என்ன நடந்தது என்று கேட்டாரே தவிர, ஏன் என்று அவர் கேட்கவில்லை. உங்கள் சட்டையில் லீலாவதி என்று பெயரைப் பார்த்ததும்தான், தமிழ் தெரிந்த ஒருவரிடம் முழுதாகச் சொல்லலாம் என்று தோன்றியது.

ரீடரில் ஒருவர் பக்கத்தைத் திருப்பினால் எங்களுக்குத் தெரியும். திரும்பி வந்து அதே பக்கத்தைப் படித்தால் தெரியும். எந்த வரியின் மேல் விரலை இழுத்துக் கோடிட்டார், ஓரத்தில் என்ன குறிப்பு எழுதினார், எந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பாமல் வெகுநேரம் சும்மா இருந்தார், எல்லாம் வந்துவிடும். திருட்டுத்தனமாக அல்ல. கருவியை முதல்முறை திறக்கும்போது நீளமாக ஓர் அறிவிப்பு வருகிறது. அதன் அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான். அறிவிப்பை யாரும் படிப்பதில்லை. பொத்தானை எல்லோரும் அழுத்துகிறார்கள்.

படிப்பவர்களின் பெயரும் முகவரியும் எங்களுக்குத் தெரியக் கூடாது என்று விதி இருக்கிறது. வெறும் எண்தான் வரும். புகார் ஏதாவது வந்தால் மட்டும், அதைச் சரிசெய்யும் வரை அந்த ஒரு கணக்கைப் பெயரோடு திறந்து பார்க்கலாம். சரிசெய்ததும் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். பிரியதர்ஷினியின் கணக்கு மூடிக்கொள்ளவில்லை. எங்கள் மேலாளர் சுந்தரேஷிடம் இதைச் சொன்னேன். "விடுப்பா, அடுத்த அப்டேட்ல சரியாயிடும்" என்றார். சரியாகவில்லை. நானும் மறுபடி நினைவூட்டவில்லை.

அவருடைய புகார் தமிழில் இருந்தது. அதுவே அபூர்வம். டில்லியிலிருந்து வருகிற புகார்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். 'நான் கோடிட்ட வரிகள் எல்லாம் காணாமல் போய்விட்டன. புத்தகம் போனால்கூட மறுபடி வாங்கிக்கொள்வேன். அந்த வரிகளை எப்படித் தேடுவேன்?' என்று எழுதியிருந்தது. கணக்கில் பெயர் பிரியதர்ஷினி, முகவரி ஜனக்புரி. வரிகளை மீட்டுக் கொடுக்கும்போது நான் அவற்றைப் படித்தேன். படிக்காமல் மீட்க முடியாது.

அது ஒரு பெண்ணைப் பற்றிய நாவல். கணவன் தினமும் அவளை அடிக்கிறான். அதில் அவர் முதலில் கோடிட்டிருந்த வரி இது: 'அடிபட்ட இடத்தை அவள் தொட்டுப் பார்க்கவில்லை. அது வேறு யாருடைய உடம்போ என்று இருந்துவிட்டாள்.' ஓரத்தில் ஒரு குறிப்பு: 'யாரிடமும் சொல்லவே இல்லை.' சில பக்கங்கள் தள்ளி, அந்தப் பெண் பிறந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும் இடத்தில் இன்னொரு குறிப்பு: 'போனில் குரல் மட்டும் சிரிக்கும்.'

நான் புத்தகங்களோடு பழகியவன். கற்பனையைப் படித்து எழுதுகிற குறிப்பு எது, தன் வாழ்க்கையிலிருந்து எழுதுகிற குறிப்பு எது என்று எனக்குத் தெரியும். அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அவர் படிப்பதைப் பார்த்தேன். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் படிப்பார். கணவன் அலுவலகத்துக்குக் கிளம்பிய பிறகும், திரும்புவதற்கு முன்னும் என்று புரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் திறக்கவே மாட்டார். அவன் வீட்டில் இருக்கும் நாள். திங்கட்கிழமை காலையில் அந்தக் கணக்கில் பச்சைப் புள்ளி எரிந்ததும் எனக்கு மூச்சு சீராகும். இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம்.

நான் அவருக்கு உதவ விரும்பினேன். கடிதம் எழுதினால் அவன் கண்ணில் பட்டுவிடும். எங்களால் ஒருவருடைய முகப்புத் திரையில், 'உங்களுக்காக' என்ற இடத்தில், ஒரு புத்தகத்தை வைக்க முடியும். அடிபட்டுத் தப்பித்த பெண்களின் கதைகளை ஒவ்வொன்றாக வைத்தேன், விலையில்லாமல். அவர் ஒன்றைக்கூட விடாமல் படித்தார். நடுவில் நிறுத்தியதே கிடையாது. எத்தனையோ ஆயிரம் வாசகர்களைப் பார்த்தவன் நான். அப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. ஒரு கட்டத்தில், நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றியது. அது தவறு என்று நீங்கள் நினைக்கலாம். நான் வைத்தேன், அவர் எடுத்தார், கோடிட்டுக் காட்டினார். பேச்சு என்பது வேறு என்ன?

தீபாவளிக்குப் பிறகு ஒரு நாவல் வைத்தேன். அதில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அந்தக் கணவனை வெட்டிப் போடுகிறார். எழுத்து சுமார்தான், ஆனால் அந்த இடம் மட்டும் நன்றாக வந்திருக்கும். பிரியதர்ஷினி அந்தப் பக்கத்தில் வெகுநேரம் இருந்தார். முன்னால் போனார், திரும்பி வந்தார். மறுநாளும் அதே பக்கம். மூன்றாம் நாள் குறிப்பு வந்தது.

'இந்த மாதிரி ஒருவனைக் கொல்ல நிஜத்தில் யாருமே வரமாட்டார்களா?'

கேள்விக்குறி போட்டிருந்தார், மேடம். கேள்வி என்றால் யாரையோ பார்த்துக் கேட்பதுதானே. அதைப் பார்க்கக்கூடிய ஆள் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

ஆனாலும் நான் அவசரப்படவில்லை. நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று, ஒரு வேலை நாளில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மெட்ரோவில் ஜனக்புரி போனேன். கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டிருந்தேன். அவர்தான் கதவைத் திறந்தார். முப்பது வயதுக்குச் சற்று மேல் இருக்கும். ஹாலில் வெள்ளைப் பலகை ஒன்றில் கணக்குகள் போட்டிருந்தன. பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார் போலிருந்தது. வலது மணிக்கட்டில் கட்டு.

நான் அதைப் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார். "ரொட்டி போடற தவா சுட்டுடுச்சு" என்று சிரித்தார்.

ரீடரைச் சோதித்துப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னேன்.

"அச்சா, கம்பெனிலேர்ந்தா? அது அவர் பேக்லதான் இருக்கும் பையா. ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போயிடுவார். அவரைக் கேக்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாது. சண்டே வாங்களேன், இருப்பார்."

அவரைக் கேட்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. இந்த வார்த்தைகளைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத என்னை ஹிந்தியில் பையா, அதாவது அண்ணா என்று கூப்பிட்டதையும். கருவி கணவனிடம் இருப்பதாகச் சொன்னதும் பொய் என்று எனக்குத் தெரிந்தது. அன்று காலையில்கூட அவர் படித்திருந்தார், நானே பார்த்தேன். சமையலறையில் அரிசி டப்பாவுக்குள் எங்காவது ஒளித்து வைத்திருப்பார். பயந்த பெண்கள் அப்படித்தான் செய்வார்கள். கிளம்பும்போது, "தைரியமா இருங்க" என்றேன். அவர் புரியாதவர்போல் பார்த்தார். கதவுக்கு வெளியே யார் நிற்பார்களோ என்ற பயம்.

பெயர்ப் பலகையில் செந்தில்குமார் என்று இருந்தது. அதன் கீழே, பொதுத்துறை வங்கி ஒன்றில் அதிகாரி என்று. முகத்தை ஹாலில் இருந்த கல்யாணப் போட்டோவிலேயே பார்த்து வைத்திருந்தேன். அடுத்த சில நாட்கள் மாலையில் ஜனக்புரி வெஸ்ட் ஸ்டேஷனில் நின்று அவனைப் பார்த்தேன். ஒல்லியான ஆள், கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை. கூட்டத்தில் வயதானவர்களுக்கு வழிவிட்டுத்தான் படியிறங்குவான். இப்படிப்பட்டவர்கள் வெளியில் எப்போதும் அப்படித்தான். எனக்கு அது வியப்பாக இல்லை.

திரிலோக்புரி மார்க்கெட்டில் சுத்தியல் வாங்கினேன். படம் மாட்டவா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். ரீடரைச் சோதிக்க வந்ததாகச் சொன்னதை விட்டால், இந்த விவகாரத்தில் நான் சொன்ன ஒரே பொய் அது.

புகைமூட்டம் அதிகமாக இருந்த ஒரு மாலை. உங்களுக்கே தெரியும், அந்த நாட்களில் ஐந்தரை மணிக்கெல்லாம் எதிரில் வருகிறவர் முகம் தெரியாது. ஸ்டேஷனிலிருந்து அவன் வீட்டுக்குப் போக, பூங்கா வழியாக ஒரு குறுக்குப் பாதை இருக்கிறது. தண்ணீர் மோட்டார் அறைக்குப் பின்னால் யாரும் வருவதில்லை. அங்கே வைத்து அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், தமிழில்.

அவன் முகம் மலர்ந்தது. "தமிழா? நமக்கு எந்த ஊரு?" என்றான்.

விருதுநகர் என்றேன்.

"அட, நம்ம பக்கம்தான். எனக்குச் சங்கரன்கோயில். ஏன் இங்க நிக்கியோ? வாங்க, வீடு பக்கத்துலதான். ஒரு காப்பி குடிச்சிட்டுப் போலாம்."

நான் நியாயமாக நடந்துகொள்ள விரும்பினேன். அவனுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தேன். "உங்க மனைவிய ஏன் அடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"என்ன சொல்லுதீங்க? யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"அவங்களே எழுதியிருக்காங்க. புத்தகத்துல, ஓரத்துல. கொல்ல யாரும் வரமாட்டாங்களான்னு கேட்டிருக்காங்க."

அப்போது அவன் முகம் மாறியது. கோபம் என்று சொல்ல முடியாது. குளிக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டால் ஒருவர் எப்படி இருப்பாரோ, அப்படி. தோளில் இருந்த பையை முன்னால் இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "அத நீங்க எப்படிப் படிச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டான். நான் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. நான் நினைத்ததைவிடச் சத்தம் குறைவு, ஈரமான சத்தம். அவன் முழங்காலில் உட்கார்ந்தான், கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. "அக்கா" என்றான். சாகிறவர்கள் அம்மா என்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவன் அக்கா என்றான். அடுத்த அடியில் தாடை ஒரு பக்கமாக இறங்கிவிட்டது, பிறகு சொல் எதுவும் வரவில்லை. தவழ்ந்து போகப் பார்த்தான். ஒரு கையை மட்டும் ஊன்றினான். இன்னொரு கை பையை விடவே இல்லை. தலையை மறைக்காமல் பையை மறைத்தான். அந்தக் கைவிரல்களை உடைத்துத்தான் விடுவிக்க வேண்டியிருந்தது. எதையும் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது. அதனால் அது முகம் என்று சொல்ல முடியாதபடி ஆகும்வரை தொடர்ந்தேன். கடைசியில் கால் மட்டும் சிறிது நேரம் மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை பக்கத்தில் இருந்தேன்.

பைக்குள் டிபன் பாக்ஸும் ரீடரும் இருந்தன. எனக்கு வருத்தமாகப் போயிற்று. அவன் கண்டுபிடித்துப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான், மேடம். அவருடைய ஒரே துணையை.

பூங்காவின் குழாயில் கைகளையும் ரீடரையும் கழுவினேன். சுத்தியலை மோட்டார் அறைக்குப் பின்னாலேயே போட்டுவிட்டேன், இனி அதற்கு வேலை இல்லை. அப்படியே போய் மெட்ரோ ஏறியிருந்தால் நீங்கள் என்னைப் பிடித்திருக்க முடியாது என்று இன்ஸ்பெக்டரே சொன்னார். ஆனால் ரீடர் என் கையில் இருந்தது. அது அவருக்குச் சொந்தமானது. திருப்பிக் கொடுக்காமல் எப்படிப் போவேன்?

கதவைத் திறந்தார். சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. "அரே, நீங்களா பையா? அவர் இன்னும் வரலையே" என்றார்.

உள்ளே போய் ரீடரை நீட்டினேன். "இனிமே இத ஒளிச்சு வெச்சுப் படிக்க வேண்டாம். நிம்மதியா படிங்க" என்றேன்.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். ஒரு மூலை நசுங்கியிருந்தது. "இது அவரோடதாச்சே. உங்ககிட்ட எப்படி வந்தது? அவர் எங்க?"

"உங்க பேர்லதான் கணக்கு இருக்கு."

"நான்தான் பர்த்டேக்கு வாங்கிக் குடுத்தேன், என் போன்லேர்ந்து. எனக்கெதுக்கு இது? எனக்குத் தமிழ் படிக்கவே வராது பையா. பேசத்தான் வரும். நான் இங்கயே பொறந்து வளந்தவ. அவர் எங்கன்னு கேக்கறேன்ல?"

அப்போதுதான் அவர் என் சட்டைக் கையைப் பார்த்தார். நான் கையை மட்டும்தான் கழுவியிருந்தேன்.

வாசலை நோக்கி ஓடினார். அக்கம்பக்கத்தார் தவறாக நினைக்கக்கூடும் என்று கதவைத் தாழிட்டேன். சமையலறைக்குள் ஓடிப் போனை எடுத்தார், வாங்கி வைத்துக்கொண்டேன். அதிர்ச்சியில் இருக்கிறார், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவார் என்று நினைத்தேன். அந்தக் குறிப்பு இருக்கும் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் பிடித்தேன். "நீங்க எழுதினதுதான். ஒரே ஒரு வரி. வாய்விட்டுப் படிச்சிடுங்க, நான் போயிடறேன்" என்றேன்.

அவர் பக்கத்தைப் பார்த்தார். "இ... ந... எனக்குத் தெரியாது பையா, சச்சி, நிஜமா தெரியாது. சின்ன வயசுல எழுத்து மட்டும் கொஞ்சம்... ப்ளீஸ்" என்றார். வரியில் விரலை வைத்துக் காட்டினேன். "ம... த... இல்ல, மா..." என்று ஏதோ உளறினார். அவ்வளவு நுட்பமாகப் படிக்கிற ஒருவர், எழுத்துக் கூட்டத் தெரியாதவர்போல் நடிப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அவன் அந்த அளவுக்கு அவரைப் பயமுறுத்தி வைத்திருந்தான்.

மணிக்கட்டைப் பிடித்தேன், கட்டுப் போட்டிருந்த கையை. அது வேண்டுமென்று இல்லை, அந்தக் கைதான் அருகில் இருந்தது. படிக்கும்வரை திருப்பினேன். ஓர் இடத்தில் அது உடைந்தது. அப்போதும் படிக்கவில்லை. கன்னத்தில் தட்டினேன். முதலில் லேசாகத்தான். தரையில் விழுந்தபோது தலைமுடியைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்து மறுபடி பக்கத்தைக் காட்டினேன். சமையல் மேடையின் விளிம்பில் முகம் பட்டது எதேச்சையாக நடந்தது. முதல் தடவை மட்டும். குக்கர் தொடர்ந்து விசில் அடித்துக்கொண்டிருந்ததால்தான் பக்கத்து வீட்டு சர்தார்ஜிக்குச் சந்தேகம் வந்தது என்கிறார்கள். அவரும் இன்னும் இருவரும் கதவை உடைத்தபோது, நான் பிரியதர்ஷினியின் கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எழுத்து சரியாகத் தெரிய வேண்டும் அல்லவா.

நேற்று நீங்கள் எனக்குச் சில விஷயங்கள் சொன்னீர்கள். செந்தில்குமாரின் அக்கா ராஜபாளையத்தில் கணவன் கையால் அடிபட்டே செத்துப்போனாள் என்றும், அந்தக் கணவன் ஜாமீனில் வெளியே சுற்றுகிறான் என்றும் சொன்னீர்கள். அக்கா பட்டதெல்லாம் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று தம்பி ஒரு வருடமாக மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் இந்தப் புத்தகங்களைத்தான் படித்துக்கொண்டிருந்தார், வீட்டில் படித்தால் மனைவி வருத்தப்படுவாள் என்று பையை விட்டு எடுக்க மாட்டார் என்றும் சொன்னீர்கள். எங்கள் கம்பெனியும் ஓர் அறிக்கை விட்டிருக்கிறதாம், வாசகர்களின் அந்தரங்கத்தை உயிரினும் மேலாக மதிப்பதாக.

"அந்தம்மாகிட்ட நேரா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நீங்கதான் படிக்கிறீங்களான்னு ஒரே ஒரு வார்த்தை" என்றீர்கள் நீங்கள். உங்கள் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

கேட்டால் சொல்லமாட்டார்கள், மேடம். கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமா இது? ஒருவர் வாயால் சொல்வது வேறு, தனியாக இருக்கும்போது எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பது வேறு. நான் இரண்டாவதைப் பார்த்தவன்.

தாடையில் கம்பி கட்டியிருப்பதால் பிரியதர்ஷினியால் பேச முடியவில்லை என்றும், இடது கையால் எழுதித்தான் வாக்குமூலம் கொடுத்தார் என்றும் கேள்விப்பட்டேன். ஹிந்தியில் எழுதினாராம். அங்கேதான் நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள். ஹிந்தியில் அவர் உண்மையை எழுத மாட்டார். தமிழில் எழுதச் சொல்லுங்கள். முடியாது என்று தலையாட்டுவார், அழுவார், நம்பாதீர்கள். கொஞ்சம் பொறுமையாக, பக்கத்தில் இருந்து, விடாமல் கேட்க வேண்டும்.

செந்தில்குமாரை நான் கொன்றேன். அதை எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் அந்த இரண்டாவது குற்றச்சாட்டை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பிரியதர்ஷினியை நான் அடிக்கவில்லை, மேடம். படிக்க வைத்தேன்.